மானிட்டர் உளறினால் முதலில் எதைப் பார்ப்பது?

மானிட்டரில் கோடு கிறுக்கலாகிவிட்டது, அலாரம் அலறுகிறது என்றால் திரையை அப்புறம் பாருங்கள். முதலில் படுக்கையில் இருப்பவரைப் பாருங்கள். மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? திரை காட்டும் துடிப்பும் உங்கள் விரலுக்குக் கிடைக்கும் துடிப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலை நம்புங்கள். வென்டிலேட்டர் மேல் சந்தேகம் வந்தால் கையால் அழுத்தும் அம்பு (Ambu) பையை மாட்டி மூச்சுக் கொடுத்துக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம் விழாமல் பிடித்து நிறுத்தும் மருந்து ஓடிக்கொண்டிருக்கலாம். மருத்துவரிடம் சொல்லி மாற்றுப் பம்புக்கு மாற்றுங்கள். காரணத்தை எல்லாம் அதற்குப் பிறகு தேடலாம்.

சேலத்துச் சிறிய மருத்துவமனைகளின் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பெரிய கட்டடங்களில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, மேலே ஏற்காடு என்று இருபது படுக்கை, முப்பது படுக்கை வைத்திருப்பவர்கள்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்: "மேடம், யாரோ பக்கத்தில் நின்று செல்போன் பேசினார்கள், மானிட்டர் போய்விட்டது." நான் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் செல்போன் நிரபராதி. மார்பில் ஒட்டும் எலெக்ட்ரோடில் ஜெல் காய்ந்திருக்கும், எர்த் இருக்காது, அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் எவரும் நினைத்தே பார்க்காத ஒன்று இருக்கும். அதற்காக வானலைக் குறுக்கீடு, அதாவது ரேடியோ அலை கருவிக்குள் நுழைந்து குழப்புவது, என்பதே கட்டுக்கதை என்று நினைக்க வேண்டாம். உண்மையாகவே அது நடக்கிறது. ஆனால் வேறு இடத்திலிருந்து வருகிறது. இரவுப் பணியில் தனியாக இருக்கும் சிஸ்டர்களும், எலெக்ட்ரீஷியனைத் தவிர வேறு தொழில்நுட்ப ஆள் இல்லாத நிர்வாகிகளும் தாங்களே கண்டுபிடிக்கக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் நடக்கிறது

இதயம் தோலின் மேல் அனுப்பும் மின்சமிக்ஞை சுமார் 1 மில்லிவோல்ட். அதை எடுத்துவர ஒரு மீட்டர் நீள லீடு ஒயர்களைத் தொங்கவிடுகிறோம். கேட்காமலே ஒரு ஆன்டெனாவைக் கட்டிவிட்டோம் என்று அர்த்தம். வாக்கி டாக்கிகள் வேலை செய்யும் 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அலைநீளம் 2 மீட்டர். அதில் பாதி 1 மீட்டர். லீடு ஒயரின் நீளம் அந்த அலையைப் பிடிக்க அளவெடுத்ததுபோல் பொருந்திவிடுகிறது.

அவ்வளவு வேகமான அலையை மானிட்டர் வரையாது. ஆனால் உள்ளே இருக்கும் பெருக்கியின் குறைகடத்திகள் அந்த அலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, உடலிலிருந்து வந்த சமிக்ஞையோடு கலந்துவிடும். பழைய 2ஜி போன் விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்பும். அழைப்பு வருவதற்கு முன்பு ஸ்பீக்கரில் கேட்குமே ஒரு டிர்ர்ர் சத்தம், அது இதுதான். கருவிக்குள்ளும் அப்படித்தான் நுழைகிறது.

கோடு கிறுக்கலானால் எவருக்கும் தெரியும். எனக்குப் பயம், பார்க்க நியாயமாகத் தெரியும் பொய்க்கோடுதான். குறுக்கீட்டைத் துடிப்பென்று எண்ணி 80 என்று காட்டும் மானிட்டரும், அதையே மூச்சென்று எண்ணி அலாரம் அடிக்காமல் இருக்கும் குழந்தை மூச்சுக் கண்காணிப்புக் கருவியும் சத்தம் போடாது. முதல் பத்தியில் நாடியைப் பிடிக்கச் சொன்னது அதனால்தான்.

கோட்டைப் படியுங்கள்

ஈசிஜி ஸ்ட்ரிப் ஒன்றை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மணியை அதிலேயே எழுதுங்கள்.

கோடு முழுவதும் ஒரே சீராகத் தடித்திருந்தால் அது கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ். வானலை அல்ல. எலெக்ட்ரோடு, எர்த், ஒயர் இந்த மூன்றையும் பாருங்கள். மெதுவாக அலைபோல் ஏறி இறங்கினால் மூச்சு அல்லது தளர்ந்த எலெக்ட்ரோடு. ஒழுங்கற்ற நுண்ணிய நடுக்கம் என்றால் தசை நடுங்குகிறது, பெரும்பாலும் நோயாளிக்குக் குளிர்கிறது. மின்விசிறியைக் குறைத்துப் போர்வையைக் கொடுங்கள். சீரான இடைவெளியில் கூரான முட்கள் வந்தால் அருகில் ஏதோ ஒரு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரோ டிம்மரோ இருக்கிறது. நன்றாக இருக்கும் கோட்டில் திடீரென்று கொத்தாகக் குப்பை விழுந்து, சில விநாடிகளில் தானாக மறைந்தால் மட்டும் வானலையை நினையுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் காட்டரியின் (மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி) மிதியை அழுத்தும்போது மொத்தத் திரையும் போய், காலை எடுத்ததும் திரும்பினால் அது எதிர்பார்த்த ஒன்றுதான். காட்டரியின் ஒயரையும் ஈசிஜி ஒயரையும் ஒரே பக்கமாக ஓடவிடாதீர்கள், நோயாளியின் உடலில் ஒட்டும் காட்டரித் தகடு முழுதாக ஒட்டியிருக்கட்டும். மின்சாரத் துடிப்பு காணாமல் போகும் அந்த நேரத்தில் விரலில் மாட்டிய எஸ்பிஓ2 (ரத்த ஆக்சிஜன்) அலையைப் பாருங்கள். அது பெரும்பாலும் தப்பித்து நிற்கும்.

அடுத்து, மிகவும் மலிவான சோதனை. மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிடுங்கள். மானிட்டருக்கு மட்டும்தான் இது. வென்டிலேட்டரில் இந்த விளையாட்டு கூடாது. பிளக்கைப் பிடுங்கியதும் கோடு சுத்தமானால் தொல்லை கரண்ட் வழியாகவோ எர்த் வழியாகவோ வருகிறது. மாறாமல் அப்படியே இருந்தால் காற்று வழியாக, அல்லது லீடு வழியாக, அல்லது மின்சாரக் கட்டில், உடலைச் சூடாக வைக்கும் வார்மர் போல நோயாளியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு கருவி வழியாக வருகிறது. இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக அணையுங்கள். நான்கைச் சேர்த்து அணைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொன்னால் ஒன்றும் தெரியாது. சுவரில் இருக்கும் மின்விசிறி ரெகுலேட்டரில் ஒரு தந்திரம் இருக்கிறது: அணைக்க வேண்டாம், முழு வேகத்தில் வையுங்கள். இந்த வகை ரெகுலேட்டர் கரண்ட் அலையை வெட்டி வெட்டி அனுப்பித்தான் வேகத்தைக் குறைக்கிறது. முழு வேகத்தில் வெட்டு மிகக் குறைவு. வேகத்தைக் கூட்டியதும் முட்கள் குறைந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

டிரான்சிஸ்டரோடு ஒரு நடை

என் பையில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அளவீட்டுக் கருவி இருக்கிறது. ஆனாலும் முதலில் வெளியே எடுப்பது மத்திய அலை பிடிக்கும் ஒரு கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ. திருச்சி வானொலி கேட்ட தாத்தாவின் பெட்டி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எஃப்எம் மட்டும் பிடிப்பது இதற்கு உதவாது; அலையின் உயர மாற்றத்தைப் புறக்கணிப்பதே எஃப்எம்மின் சிறப்பு, நமக்கு வேண்டியதோ அந்த உயர மாற்றம்தான்.

பகல் நேரத்தில் செய்யுங்கள். இரவில் தூரத்து நிலையங்கள் எல்லாம் வந்து நெரிக்கும். முள்ளைக் கீழ்க்கோடியில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். மெல்லிய இரைச்சல் கேட்கும். வளாகத்துக்கு வெளியே ஒருமுறை கேட்டு அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு வார்டுக்குள் நடங்கள். எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், யுபிஎஸ், தரமில்லாத அடாப்டர் எதன் பக்கத்தில் போனாலும் ரேடியோ கரகரக்கும். எங்கே சத்தம் உச்சமோ அங்கே நின்று ரேடியோவைக் கிடைமட்டமாகச் சுற்றுங்கள். உள்ளே நீளவாக்கில் ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது. கம்பியின் நுனி தொல்லை வரும் திசையைப் பார்க்கும்போது சத்தம் அமுங்கும். இரண்டு இடத்தில் நின்று அந்தத் திசைகளைக் குறித்தால் கோடுகள் சந்திக்கும் இடம் கிடைத்துவிடும். திசையே பிடிபடாமல் சுவரோடு நெடுகக் கரகரத்தால் ஒயரிங் மொத்தமும் அதைச் சுமந்து திரிகிறது. அப்போது மெயின் போர்டில் ஒவ்வொரு எம்சிபியாக (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்துத் தேட வேண்டும். உயிர் காக்கும் கருவி எந்த எம்சிபியில் இருக்கிறது என்று தெரியாமல் இதில் கை வைக்காதீர்கள்.

ஒரு மருத்துவமனையில் மூன்றாம் எண் படுக்கையின் மானிட்டர் மட்டும் சாயங்காலத்தில் உளறும், விடிந்தால் தெளியும். மானிட்டரை மாற்றினார்கள், லீடை மாற்றினார்கள், கடைசியில் பார்வையாளர் நேரத்தையே மாற்றினார்கள். டிரான்சிஸ்டர் நேராகச் சுவரைக் காட்டியது. சுவருக்கு வெளியே மருத்துவமனையின் சொந்தப் பெயர்ப்பலகை. புதிதாக எல்இடி போட்டு, இருட்டும் நேரத்துக்கு டைமர் வைத்திருந்தார்கள். அதன் பவர் சப்ளை பெட்டி கட்டிலின் தலைமாட்டுக்குச் சரியாகப் பின்னால் திருகப்பட்டிருந்தது. பெட்டியைப் பத்தடி தள்ளி மாட்டி, உலோக உறைக்கு எர்த் கொடுத்ததும் முடிந்தது. விளக்குப் போட்ட எலெக்ட்ரீஷியனுக்கு என் மேல் இன்னும் வருத்தம்.

அம்மாபேட்டைப் பக்கம் என்றால் தறிப்பட்டறையையும் கணக்கில் எடுங்கள். விசைத்தறி மோட்டாரின் ஸ்விட்சில் தேய்ந்த காண்டாக்ட் பொறி விட்டால் அந்தக் குப்பை அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லோருக்கும் பகிரப்படும். தறி ஓடும்போது வந்து, தறி நின்றதும் நின்றால் சந்தேகமே வேண்டாம். வெல்டிங் பட்டறையும் இப்படித்தான். பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போவதைவிட ஐசியூவுக்குத் தனி லைனும் கரண்ட்டில் வரும் குப்பையை வடிகட்டும் தரமான லைன் ஃபில்டரும் போடுவது சீக்கிரம் நடக்கும்.

ஏற்காட்டில் கதை வேறு. சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கடினமான பாறை. பல இடங்களில் மண் மேலோட்டமாகத்தான் இருக்கும். எர்த் குழி தோண்டினால் சீக்கிரமே பாறை தட்டும், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த எர்த்தை மீட்டர் வைத்து அளக்காமல் நம்பக் கூடாது. ஒரு குழி போதாவிட்டால் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று போட்டு இணையுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது ஈசிஜி தடித்து வந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டரா என்று பாருங்கள். வீட்டுக்கு அது போதும், மருத்துவமனைக்கு சைன் அலை கொடுப்பதுதான் வேண்டும். அதுவரை ஈசிஜி மெஷினை பேட்டரியில் வைத்து எடுங்கள்.

எவ்வளவு தூரம்

இப்போது உண்மையாகவே ஒலிபரப்பும் பொருட்களுக்கு வருவோம். கணக்கு எளிது: 7-ஐ வாட்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மீட்டரில் தூரத்தால் வகுத்தால் அந்த இடத்தின் புலச்செறிவு தோராயமாகக் கிடைக்கும். 2ஜியில் போன் உச்சத்தில் 2 வாட் விடும். 1 மீட்டர் தூரத்தில் அது மீட்டருக்கு 10 வோல்ட் (இனி வெறும் வோல்ட் என்றே சொல்கிறேன்). 4ஜி போனின் உச்சம் 0.2 வாட்தான், 1 மீட்டரில் 3 வோல்ட். காவலாளியின் 5 வாட் வாக்கி டாக்கி 1 மீட்டரில் 15 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும், 3 வோல்ட்டாக இறங்க 5 மீட்டருக்கு மேல் தள்ளிப் போக வேண்டும்.

இந்த 3 வோல்ட்டை நான் சும்மா பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1-2 தரநிலையின் 2001 பதிப்பில் சாதாரணக் கருவிகள் 3 வோல்ட்டையும் உயிர் காக்கும் கருவிகள் 10 வோல்ட்டையும் தாங்க வேண்டும். 2014-இல் வந்த நான்காம் பதிப்பு, கையில் வைத்திருக்கும் ரேடியோ கருவிகள் 30 சென்டிமீட்டர் வரை நெருங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, சில அலைவரிசைகளில் 28 வோல்ட் வரை சோதிக்கச் சொல்கிறது. எனவே மருத்துவமனைகளுக்கு என் சட்டம்: புதிய கருவி, புதிய போன் என்றால் ஒரு கை நீளம். பழைய கருவி என்றாலோ, எந்த வயது என்று தெரியாத செகண்ட் ஹேண்ட் கருவி என்றாலோ போனை 3 மீட்டர் தள்ளி வையுங்கள். வாக்கி டாக்கி ஐசியூ கதவுக்கு வெளியே நிற்கட்டும்.

கதவில் "செல்போன் அணைக்கவும்" என்று ஒட்டிவிட்டு உள்ளே மருத்துவரே வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரே பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேயோ கிளினிக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் இருந்த அறைகளிலேயே 300 சோதனைகள் செய்தும் வழக்கமான போன் பயன்பாட்டால் கவலைப்படத்தக்க குறுக்கீடு வரவில்லை. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில், பொருட்களைக் கண்காணிக்கும் ஆர்எஃப்ஐடி வாசிப்பான்களை 41 கருவிகளின் அருகே வைத்துச் செய்த 123 சோதனைகளில் 34 முறை குறுக்கீடு, அதில் 22 அபாயகரமானவை. நோயாளி எவரையும் இணைக்காமல் செய்த சோதனை அது. கிடங்கு நிர்வாகம் எளிதாகும் என்று ஒருவர் இந்த வாசிப்பான்களை விற்க வந்தால் ஐசியூவில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் போன் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. சிக்னல் மெலிந்த இடத்தில்தான் போன் முழுச் சக்தியோடு கத்தும். தடித்த சுவர் கொண்ட தரைத்தள ஐசியூ அப்படிப்பட்ட இடம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஆம்புலன்ஸ் அதைவிட மோசம். டவர் வருவதும் போவதுமாக இருக்கும், ஒவ்வொரு முறை கிடைக்கும்போதும் போன் தன்னைப் பதிவு செய்யும். உடன் வருபவரின் போனை ஸ்ட்ரெச்சரில் சிரிஞ்ச் பம்பை ஒட்டி வைக்க விடாதீர்கள். பம்பின் மேல் போன் வைக்கும் பழக்கம் வார்டிலும் இருக்கிறது. தட்டையாக ஓர் இடம் கிடைத்தால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். கோடை விழாக் காலத்தில் விபத்துக் கேஸோடு வரும் காவலர்களிடம் வாக்கி டாக்கியை அணைக்கச் சொல்லத் தயங்கினால், வராந்தாவில் நின்று பேசச் சொல்லுங்கள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிசியோதெரபி அறையை மறந்துவிடாதீர்கள். அங்கே இருக்கும், வானலையால் உடலுக்குள் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸில் நூற்றுக்கணக்கான வாட் விடும் கருவி. போன்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதன் முன் ஒன்றுமில்லை. அந்த அறையும் ஐசியூவும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் அறையை மாற்றுங்கள். பேஸ்மேக்கரோ நரம்புத் தூண்டியோ பொருத்தியவருக்கு அந்தச் சிகிச்சை அறவே கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் போனைச் சட்டைப்பையில் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி, எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசட்டும். காந்தம் வைத்த புதிய போன்களிலும் சார்ஜர்களிலும் இது இன்னும் முக்கியம்.

நோயாளியின் துடிப்பை வானலையில் அனுப்பும் கம்பியில்லா டெலிமெட்ரி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1998-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு டிஜிட்டல் டிவி நிலையம் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை காலியாக இருந்த அந்தச் சேனலில்தான் ஒரு மருத்துவமனையின் இதயக் கண்காணிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றுபோனது. அதன் பிறகுதான் அங்கே மருத்துவ டெலிமெட்ரிக்கென்று தனி அலைவரிசை ஒதுக்கினார்கள். நீங்கள் வாங்கும் கருவி எந்த அலைவரிசையில் வேலை செய்கிறது, இந்தியாவில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் கழித்துக் கட்டியதை இங்கே கொண்டுவந்து விற்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார்கள்.

நீங்களே செய்யக்கூடிய பழுது

லீடு ஒயர்களைச் சேர்த்து ஒரே கற்றையாக ஓடவிடுங்கள். வளையமாக விரிந்து கிடந்தால் அந்த வளையமே குறுக்கீட்டைப் பிடிக்கும். மிச்ச நீளத்தைச் சுருட்டி கட்டில் கம்பியில் மாட்டாதீர்கள். பவர் ஒயரின் மேல் போட வேண்டாம். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். எலெக்ட்ரோடை ஒட்டும் இடத்தைத் துடைத்து, உலரவிட்டு, புதிய பாக்கெட்டைப் பிரித்து ஒட்டுங்கள். பிரித்து வைத்த பாக்கெட்டில் ஜெல் காய்ந்துவிடும். ஒயரைச் சுற்றிக் கவ்வும் ஃபெரைட் கிளாம்ப் சில லீடுகளில் பலன் தரும், சிலவற்றில் தராது. வாங்குவதற்கு முன்பு ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள்.

சர்வீஸ் முடிந்து கருவி திரும்பி வந்ததும் பின்பக்கத் திருகுகளை எண்ணுங்கள். உள்ளே இருக்கும் உலோகக் கவசமும் பிளாஸ்டிக்கில் பூசிய கடத்தும் பூச்சும்தான் வானலையைத் தடுக்கின்றன. எட்டுத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து போட்டு மூடினால் கவசத்தில் இடுக்கு விழும். எம்ஆர்ஐ அறையின் கதவும் இதே கதைதான். 1.5 டெஸ்லா இயந்திரம் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் உடலிலிருந்து வரும் மெல்லிய வானலையைக் கேட்கிறது. கதவைச் சுற்றி விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புத் தகடுகள் உடைந்திருந்தாலோ கதவு சரியாக மூடாவிட்டாலோ படத்தில் ஜிப் வைத்ததுபோல் கோடு விழும்.

எதுவும் பிடிபடாவிட்டால் ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள்: நாள், மணி, கருவியின் பெயரும் சீரியல் எண்ணும், நோயாளியின் நிலை, அந்த நேரத்தில் அறைக்குள் வந்தவர் எவர், இயக்கப்பட்டது எது, எத்தனை விநாடி நீடித்தது. திரையை வீடியோ எடுங்கள், மூன்று மீட்டர் தள்ளி நின்று. நோயாளிக்குத் தீங்கு நேர்ந்திருந்தாலோ, நேர்ந்திருக்கக்கூடும் என்றாலோ இந்திய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். 2015-இல் தொடங்கிய இத்திட்டத்தின் ஒருங்கிணைப்பு மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம். படிவம் அவர்கள் தளத்தில் கிடைக்கிறது, சிஸ்டர்களும் நிரப்பலாம். கருவியின் அமைப்புகளை மாற்றாமல், அதே லீடோடும் அதே அடாப்டரோடும் தனியாக எடுத்து வைத்து, "பயன்படுத்தாதே" என்று சீட்டு ஒட்டுங்கள். எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை அதை இன்னொரு நோயாளிக்கு மாட்டாதீர்கள்.